மாட்டு வயிற்றில் உள்ள என்சைமை மாத்திரையாக விழுங்கினால் நாமும் புல் தின்று வாழலாமா?

முடியாது. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு துண்டு வடிதாள்.

பினாங்கில் முதுகலை படித்தபோது, மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து, புல்லின் நாரான செல்லுலோஸை வெட்டும் செல்லுலேஸ் என்சைமின் மரபணுவை எடுத்து, ஈ.கோலை என்ற ஆய்வகப் பாக்டீரியாவுக்குள் ஏற்றி என்சைம் தயாரித்தோம். கரையும் வகைச் செல்லுலோஸ் கலந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, காங்கோ ரெட் சாயம் ஊற்றிக் கழுவினால் என்சைம் தின்ற இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். எங்களுக்கு 50 சென் காசு அளவில் வட்டம் விழுந்தது. ஒரே கொண்டாட்டம், எல்லாரும் நாசி கண்டார் சாப்பிடப் போனோம். மறுநாள் அதே என்சைமில் வடிதாளைப் போட்டு (அதுவும் செல்லுலோஸ்தான்) இரவு முழுக்க 39 டிகிரியில் வைத்தேன். காலையில் பார்த்தால் தாள் போட்டது போட்டபடி கிடக்கிறது!

சோற்றில் உள்ள மாவுச்சத்தும் புல்லில் உள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிகள்தான். மாவுச்சத்தில் ஆல்ஃபா இணைப்பு, சங்கிலி சுருண்டு கிடக்கும், நம் எச்சிலே வெட்டத் தொடங்கிவிடும். செல்லுலோஸில் பீட்டா இணைப்பு. ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தியதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சங்கிலி நேராக, தட்டையாக நீண்டு, பக்கத்துச் சங்கிலியோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டி, பாய் மேல் பாய் அடுக்கியது மாதிரி இறுகிவிடும். அந்த அடுக்கிலிருந்து ஒரு இழையை உருவி எடுப்பதுதான் பெரும்பாடு.

வெட்டுவதற்கு, என்சைமுக்குள் எதிரெதிரே நிற்கும் இரண்டு அமில அமினோ அமிலங்கள் போதும். பெரும்பாலும் குளூட்டமிக் அமிலம் (ஆமாம், அஜினமோட்டோவில் இருப்பதேதான்). ஒன்று இணைப்புக்குப் புரோட்டான் கொடுக்கும். மற்றது சர்க்கரையைத் தானே பிடித்துக்கொள்ளும், அல்லது ஒரு தண்ணீர் மூலக்கூறை ஏவிவிடும். இரண்டுக்கும் இடைவெளி 5.5 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அளவில் இருந்தால் முதல் வகை, 10 பக்கம் என்றால் நடுவில் தண்ணீருக்கு இடம் விட்ட இரண்டாம் வகை.

அப்புறம் என்சைமின் வடிவம். என்டோகுளூகனேஸ் என்ற வகைக்குத் திறந்த பள்ளம், அதனால் சங்கிலியின் நடுவில் எங்கே தளர்வு கிடைக்கிறதோ அங்கே வெட்டும். எக்ஸோகுளூகனேஸுக்குச் சுரங்கம் மாதிரி மூடிய வழி, சங்கிலியின் நுனியை உள்ளே இழுத்து இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கடித்துக்கொண்டே போகும். அந்த இரட்டையைப் பிரிப்பது பீட்டா குளுக்கோசிடேஸ். எங்களிடம் இருந்தது என்டோகுளூகனேஸ் மட்டும். தட்டில் இருந்த தளர்ந்த சங்கிலிகளை வெட்டியது, வடிதாளில் பல் இறங்கவில்லை. போதாக்குறைக்கு, செல்லுலோஸின் தட்டைப் பரப்பில் படிந்து பிடித்துக்கொள்ளும் பகுதியையும், வாலில் தொங்குவதால் தேவையில்லை என்று நினைத்து, மரபணுவிலிருந்து நாங்களே நறுக்கிவிட்டிருந்தோம். டிரிப்டோஃபேன், டைரோசின் என்ற அமினோ அமிலங்களின் வளையங்கள் வரிசையாக நிற்கும் அந்தப் பகுதி இல்லாவிட்டால் என்சைம் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

ரூமினோகாக்கஸ் ஃப்ளேவிஃபேசியன்ஸ் என்ற மாட்டு வயிற்றுப் பாக்டீரியா பல என்சைம்களைப் புரதச் சட்டத்தில் கொக்கி போட்டு மாட்டிவைத்திருக்கிறது. செல்லுலோசோம் என்று பெயர். பேயர், லாமெட் என்ற ஆய்வாளர்கள் 1983-ல் இதை முதலில் கண்டது குடலுக்குச் சம்பந்தமில்லாத, சூட்டை விரும்பும் கிளாஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியா ஒன்றில். ஆனால் அதே மாட்டு வயிற்றில் வாழும் ஃபைப்ரோபாக்டர் சக்சினோஜெனெஸ் இந்தச் சட்டமே இல்லாமல் நார் மேல் நேரடியாக ஒட்டிக்கொண்டு தின்கிறது. எனக்கு அதுதான் பிடித்த ஆள்.

மனிதக் குடலிலும் செல்லுலோசோம் கட்டும் ரூமினோகாக்கஸ்கள் உண்டு. 2024-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வுப்படி வேட்டையாடி வாழும் மக்களிடமும் கிராமத்தாரிடமும் அதிகம், நகரத்து ஆட்களிடம் அரிது.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். என்சைமும் ஒரு புரதம், நம் வயிறு அதையே செரிக்கப் பார்க்கும். தப்பித்தாலும் நம் சிறுகுடலில் கிடைப்பது சில மணி நேரம். மாடு புல்லை ஒரு நாளுக்கு மேல் உள்ளே வைத்துத் திரும்பத் திரும்ப அசைபோடுகிறது. பட்டர்வொர்த் பக்கம் தோட்டத்தில் மாடு வளர்த்த என் பாட்டி, அசைபோடும் மாட்டைக் கிளப்பினால் திட்டுவார். புல்லிலிருந்து வெளிவரும் குளுக்கோஸும் நேரே மாட்டுக்குப் போவதில்லை, பாக்டீரியாவே தின்றுவிட்டு அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களை விடும். மாடு அதில்தான் வாழ்கிறது, கடைசியில் பாக்டீரியாவையும் சேர்த்துச் செரித்துவிடுகிறது.

வடிதாளா? நறுக்கிய வாலைத் திரும்ப ஒட்டி, மற்ற இரண்டு என்சைம்களையும் சேர்த்து ஊற்றிய பிறகு, மூன்றாம் நாள் ஓரம் நைந்தது.