கலிபோர்னியாவின் காலநிலைச் சட்டத் திருத்தம் நிறுவனங்களின் வேலையைக் குறைத்ததா?

கலிபோர்னியாவின் காலநிலை வெளிப்படுத்தல் சட்டங்களைத் தளர்த்திவிட்டார்களாமே, இனி நிறுவனங்கள் உமிழ்வுக் கணக்கைக் கொடுக்க வேண்டியதில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கத்தான் வேண்டும்.

2023 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட சட்டங்கள் இரண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தச் சந்தேகமே வருகிறது. ஆண்டு வருவாய் 100 கோடி டாலரைத் தாண்டியதும் கலிபோர்னியாவில் தொழில் செய்வதுமான ஒரு நிறுவனம், அதன் தலைமையகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும், தன் பசுமை இல்ல வாயு உமிழ்வை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது எஸ்.பி. 253 (எஸ்.பி. என்றால் செனட் மசோதா). வருவாய் 50 கோடி டாலருக்கு மேல் உள்ள நிறுவனங்கள், காலநிலை மாற்றத்தால் தங்கள் நிதிநிலைக்கு நேரக்கூடிய ஆபத்துகளை ஈராண்டுக்கு ஒருமுறை எழுதித் தங்கள் இணையதளத்தில் வைக்க வேண்டும் என்பது எஸ்.பி. 261.

நீங்கள் குறிப்பிடும் திருத்தம் 2024 செப்டம்பரில் வந்த எஸ்.பி. 219. ஈராண்டு தள்ளிப்போடலாம் என்று ஆளுநர் தரப்பு முன்வைத்த யோசனையைச் சட்டமன்றம் ஏற்கவில்லை. விதிகளை வகுக்க மாநிலக் காற்று வள வாரியத்துக்கு மட்டும் ஆறு மாதம் கூடுதலாகக் கிடைத்தது. 2025 ஜூலை 1 என்ற அந்தக் கெடுவையும் வாரியம் தவறவிட்டது. வினாத்தாள் தயாரிப்பவருக்கு அவகாசம் கொடுத்துவிட்டு, தேர்வு நாளை மாற்றாமல் விட்ட கதைதான் இது.

ஆனாலும் ஒரு சலுகை உண்மையானது. துணை நிறுவனங்கள் தனித்தனியாக அறிக்கை தராமல், தாய் நிறுவனத்தின் ஒரே அறிக்கைக்குள் அடங்கலாம். இப்படியொரு துணை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன் என்பதால் அதன் அருமை தெரியும். அறிக்கை ஒன்றாகிவிட்டதே தவிர, ரசீது சேர்க்கும் வேலை அப்படியேதான் இருக்கிறது. உமிழ்வை ஸ்கோப் 1, 2, 3 என்று மூன்று வகையாகப் பிரிப்பார்கள். கொதிகலனில் எரித்த எரிவாயுவும் ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசலும் ஸ்கோப் 1. வாங்கிய மின்சாரம் ஸ்கோப் 2. எங்கள் கிடங்கு ஒன்றில் மின்கட்டணம் வாடகையோடு சேர்ந்தே வரும். கட்டடத்துக்கு ஒரே மீட்டர், ரசீதோ உரிமையாளரிடம். மொத்த யூனிட்டைச் சதுர அடிக் கணக்கில் பிரித்து எங்கள் பங்கை மதிப்பிடுவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. சரக்கு கொடுப்பவர்களின் உமிழ்வையும் சேர்த்துக் கேட்கும் ஸ்கோப் 3 இதைவிடப் பெரிய தலைவலி. அதற்கான கால அட்டவணையை வாரியத்திடம் விட்டது திருத்தம், ஆனால் அது 2027-இல் தொடங்க வேண்டும் என்பதை நீக்கவில்லை.

நடைமுறையில் எங்களை மூச்சுவிட வைத்தது சட்டத் திருத்தமல்ல, 2024 டிசம்பரில் வாரியம் வெளியிட்ட அறிவிப்பு. கையில் ஏற்கெனவே இருக்கும் தரவைக் கொண்டு, நல்லெண்ணத்தோடு தரப்படும் முதல் அறிக்கையில் குறை இருந்தால் தண்டம் விதிக்கப்படாது என்றது அது. இல்லையென்றால் ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் வரை போகலாம்.

“நீதிமன்றம் நிறுத்திவிட்டது” என்ற பேச்சும் பாதிதான் சரி. அமெரிக்க வர்த்தக சபை உள்ளிட்டோர், பேசக் கட்டாயப்படுத்துவது பேச்சுரிமைக்கு எதிரானது என்று தொடுத்த வழக்கில், ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது எஸ்.பி. 261-க்கு மட்டுமே. எஸ்.பி. 253-க்குத் தடை இல்லை. முதல் அறிக்கைக்கு வாரியம் குறித்த நாள் 2026 ஆகஸ்ட் 10. அந்தக் கிடங்கின் குத்தகையைப் புதுப்பித்தபோது, தனி மீட்டர் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டோம்.