முழங்கால் வலி உள்ளவர்கள் எடையைக் குறைக்க எந்தக் கார்டியோ பயிற்சி செய்யலாம்?

நின்ற இடத்தில் மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள். சீட்டு சரியான உயரத்தில் இருக்க வேண்டும். அவசரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வேகமாக நடந்தால் மறுநாள் மூட்டு வீங்குகிறது, நடக்காவிட்டால் எடை ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வயதைச் சொல்லவில்லை. நாற்பதைத் தாண்டியவர் என்றும், "நடந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் உங்களைச் சுற்றி நாலு பேராவது இருப்பார்கள் என்றும் நானே வைத்துக்கொள்கிறேன். எனக்கு அப்படித்தான் இருந்தது.

நான் கணித ஆசிரியை. பணிக்காலம் முழுக்கக் கரும்பலகை முன்னால் நின்ற கால்கள் இவை. வலது முழங்காலில் தேய்மானம். எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் "எடையைக் குறையுங்கள்" என்றார்; எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சத்தை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு சொல்லித் தந்தது. தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமாம். "அண்ணி, நடக்க நடக்கத்தான் மூட்டு இளகும்" என்று என் நாத்தனார் குரல் பதிவே அனுப்பினார். அந்தப் பத்தாயிரம் எந்த மருத்துவரும் எழுதிக்கொடுத்த அளவு இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவி ஒன்றால் பரவிய எண். இதைக் குழுவில் எழுதினேன். சோம்பேறி என்று பெயர் வந்தது. வரட்டும்.

நடைப்பயிற்சிக்கு நான் எதிரி என்று யாரும் கிளம்ப வேண்டாம். நல்ல மூட்டு உள்ளவர்கள் நடக்கலாம், ஓடவும் செய்யலாம். தேய்மானம் உள்ளவர்களிலும் நடந்தே நலமானவர்கள் இருக்கிறார்கள். நடந்தால் வீங்குகிறது என்று சொல்லும் ஒருவரிடம் இன்னும் நட என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஜெர்மனியில் சிலருக்குப் பொருத்திய செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுக் கருவியை வைத்துச் சுமையை அளந்திருக்கிறார்கள். சமதளத்தில் நடக்கும்போது மூட்டில் இறங்கும் சுமை உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது சுமார் மூன்றரை மடங்கு. மிதமாகச் சைக்கிள் மிதிக்கும்போது ஏறக்குறைய உடல் எடை அளவுதான், ஏனென்றால் உடம்பைச் சீட்டு தாங்கிக்கொள்கிறது. மூச்சு வாங்கும், வியர்க்கும், இதயம் வேலை செய்யும். மூட்டு மட்டும் அடி வாங்காது. இதற்கு மேல் ஒரு காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு சைக்கிள் இருந்தது. என் கணவர் வாங்கி, துண்டு உலர்த்தப் பயன்பட்டுவந்தது. அதில் ஏறினால் முழங்கால் சில்லுக்கு முன்னால் சுருக்கென்று குத்தும். பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் அதைச் சொன்னபோது, மிதிப்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வரச் சொன்னார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "டீச்சர், இது முக்காலியில் உட்கார்ந்து மிதிப்பதுபோல் இருக்கிறது. சீட்டை ஏற்றுங்கள்." வீட்டுக்காரர் இறங்க வசதியாக அதைக் கடைசித் துளையில் இறக்கி வைத்திருந்தார்.

அவர் சொல்லித்தந்த முறை இது: சீட்டில் உட்கார்ந்து, ஒரு மிதியைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை மிதியில் வைத்தால் முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். கீழ்க்கோடியில் 25 முதல் 35 டிகிரி மடக்கு என்பது நல்ல அளவு. மூட்டின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட்டு தாழ்ந்திருக்கிறது. பின்பக்கம் இழுத்தால் உயர்ந்திருக்கிறது. நான் இரண்டு துளை ஏற்றியதும் அந்தக் குத்தல் போனது. இறுக்கத்தைக் குறைவாக வைத்து, கால் இலகுவாகச் சுழலும்படி பத்து நிமிடத்தில் தொடங்கலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிடத்தை மெல்ல எட்டினால் போதும். மறுநாள் காலையிலும் வலி அதிகமாகவே இருந்தால் நேரத்தைக் குறைத்துவிடுங்கள்.

கூடவே தொடைத் தசையை வலுப்படுத்துங்கள். முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து ஐந்து விநாடி அழுத்துவதும், காலை மடக்காமல் தூக்குவதும் படுக்கையிலேயே முடிகிற வேலைகள். ஸ்கிப்பிங், குதித்து ஆடும் பயிற்சி, படியேற்றம் ஆகியவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

நீச்சல் இதைவிட நல்லது என்று கீழே ஒருவர் நிச்சயம் எழுதப்போகிறார். எனக்கும் தெரியும், ஐயா. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாலே காலில் இறங்கும் எடை பாதியாகிவிடும். நீந்தத் தெரியாவிட்டாலும் குளத்துக்குள் நடந்தால் போதும். கேட்கத்தான் போனேன். பெண்களுக்கான நேரம் வேலைநாளில் பகல் இரண்டிலிருந்து மூன்று. அந்த நேரத்தில் எந்த வேலைக்குப் போகும் பெண் வருவாள்? "தண்ணீரில் நடப்பதற்கெல்லாம் அனுமதி இல்லை மேடம், நீச்சல் மட்டும்தான்" என்றார் அங்கிருந்தவர். மூட்டு வலிக்காரர்களில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் நிறையப் பேர். குளம் கட்டியவர்களுக்கு அது நினைவிலேயே இல்லை.

பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் பணி செய்த மையத்தில், பொதுத் தேர்வு அறைக் கண்காணிப்பாளர் மூன்று மணி நேரமும் உட்காரக் கூடாது என்பது வாய்மொழி உத்தரவு. நாற்காலியையே வெளியே எடுத்துவிடுவார்கள். மருத்துவச் சான்றிதழை நீட்டினால், "எல்லா டீச்சருக்கும்தான் கால் வலிக்கிறது" என்று பதில் வரும். எல்லோருக்கும் வலித்தால் எல்லோருக்கும் நாற்காலி போட வேண்டியதுதானே? நான் உட்கார்ந்தால் எந்தப் பையன் எதைப் பார்த்து எழுதிவிடுவான்?

இனி உங்களுக்குப் பிடிக்காத செய்தி. சைக்கிள் மட்டுமே எடையைக் குறைத்துவிடாது. அமெரிக்காவில் மூட்டுத் தேய்மானமும் அதிக எடையும் உள்ள 454 பேரை 18 மாதம் கவனித்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சராசரியாக இரண்டு கிலோகூடக் குறையவில்லை. சாப்பாட்டையும் கட்டுப்படுத்திப் பயிற்சியும் செய்தவர்களுக்குப் பத்து கிலோவுக்கு மேல் குறைந்தது, வலியும் அவர்களுக்கே அதிகம் தணிந்தது. என் விஷயத்திலும் இரவு இட்லியின் எண்ணிக்கையும் மாலைக் காப்பியோடு வந்த முறுக்கும் குறைந்த பிறகுதான் தராசு அசைந்தது. ஆனால் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் மூட்டின் சுமை நாலு கிலோ அளவுக்குக் குறைகிறது என்பது இன்னோர் ஆய்வின் கணக்கு. எனக்கு ஆறு கிலோ குறைந்திருக்கிறது. நாத்தனாரிடம் சொல்லவில்லை.

நான் மருத்துவர் இல்லை, சைக்கிள் கடையும் வைத்திருக்கவில்லை. மூட்டு பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, நடக்கும்போது நழுவினாலோ, சிவந்து சூடாக வீங்கினாலோ இந்தப் பதிலை மூடிவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, புதிது வாங்காமல் யார் வீட்டிலாவது சும்மா கிடப்பதை விலைக்குக் கேளுங்கள். வாங்கும் முன் சீட்டுத் தண்டின் திருகைக் கழற்றிப் பாருங்கள். துருப்பிடித்து அசையாமல் இருந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.