பழைய பேஸ்பால் பந்தில் கையெழுத்து: அசலா, போலியா?

கேள்வி: அண்ணா, அமெரிக்காவில் ஒரு பழைய சாமான் விற்பனையில் பழைய பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத்தின் கையெழுத்துள்ள பந்து கிடைத்தது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

கையெழுத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் பந்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படியுங்கள். அமெரிக்க பேஸ்பாலில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பெரிய போட்டி அமைப்புகள். அந்தக் கால அதிகாரப்பூர்வப் பந்துகளில் அந்தந்த லீக் தலைவரின் பெயர் அச்சாகியிருக்கும். அமெரிக்கன் லீக்கில் 1931 முதல் 1959 வரை வில்லியம் ஹாரிட்ஜ் தலைவர். அடுத்து வந்தவர் ஜோ க்ரோனின். ரூத் இறந்தது 1948 ஆகஸ்டில். க்ரோனின் பெயர் உள்ள பந்தில் ரூத் கையெழுத்து இருந்தால் மேலே பேச எதுவும் இல்லை.

ஹாரிட்ஜ் பெயர் இருந்தாலும் உடனே சந்தோஷப்பட வேண்டாம். அந்தப் பெயரோடு 1950களிலும் பந்துகள் வந்தன. தையல் நூலையும் பாருங்கள். 1930களின் முற்பகுதி வரை அமெரிக்கன் லீக் பந்தில் சிவப்பும் நீலமும் கலந்திருக்கும், நேஷனல் லீக் பந்தில் சிவப்பும் கறுப்பும். பிறகுதான் வெறும் சிவப்பு. இதிலெல்லாம் தேறினாலும் ‘பொய் என்று இன்னும் தெரியவில்லை’ என்றுதான் அர்த்தம். கையெழுத்தில்லாத நிஜமான பழைய பந்தைத் தேடி வாங்கி அதில் எழுதுகிற போலிக்காரர்களும் உண்டு.

கேள்வி: என்னிடம் பேஸ்பால் வீரர் ராபர்டோ கிளமென்டே கையெழுத்திட்ட பந்து இருக்கிறது. ராலிங்ஸ் கம்பெனி தயாரிப்பு, நேஷனல் லீக் தலைவர் சப் ஃபீனி பெயர். ஃபீனி 1970லேயே தலைவராகிவிட்டாரே, காலம் சரிதானே?

தலைவர் சரி, கம்பெனி சரியில்லை. கிளமென்டே 1972 டிசம்பர் 31 அன்று, நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தார். ராலிங்ஸ் லீக் பந்து தயாரிக்கத் தொடங்கியது 1977இல். அதற்கு முன் ஸ்பால்டிங். உங்கள் பந்து அவர் இறந்து நாலு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு செய்தது. வருத்தம்தான், ஆனால் தெளிவான விஷயம்.

கேள்வி: ரூத் காலத்து வீரர் லூ கெரிக் கையெழுத்து, நீல பால்பாயின்ட் பேனாவில். எழுத்து அப்படியே அவருடையது மாதிரி இருக்கிறது.

எழுத்தைப் பார்க்கவே வேண்டாம். பால்பாயின்ட் பேனா நியூயார்க்கில் கடை விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில். கெரிக் 1941 ஜூனிலேயே போய்விட்டார். ரூத்துக்கு அந்தக் கடைசி இரண்டு மூன்று வருஷம் கிடைத்தது, அதனால் அவர் பால்பாயின்டில் எழுதியிருக்க முடியும். ஷார்ப்பி மார்க்கர் 1964இல் வந்தது, அதில் இருவருமே எழுதியிருக்க முடியாது.

கேள்வி: பந்து நன்றாகப் பழுத்து பழுப்பாகிவிட்டது, பழைய வாசனைகூட வருகிறது. இது நல்ல அடையாளம்தானே?

இதை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். 1990களின் பிற்பகுதியில் எஃப்.பி.ஐ. சான் டியாகோவை மையமாக வைத்து ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற விசாரணையில் ஒரு பெரிய போலிக் கும்பலைப் பிடித்தது. பந்தை ஷெல்லாக் என்ற அரக்கு வார்னிஷில் முக்கி நிறம் ஏற்றி, நாய்த்தீனிப் பைக்குள் போட்டு வைத்து வாசனை ஏற்றுவது அவர்கள் கைவேலை. அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால்கூட அங்கே சிக்கியது! அதையும் வாங்க ஆள் இருந்திருக்கும் போல.

ஷெல்லாக் பூச்சு இருப்பதாலேயே போலி என்றும் சொல்ல முடியாது. அழியாமல் இருக்க அந்தக் காலத்தில் வீட்டிலேயே பூசி வைப்பார்கள். மை பூச்சுக்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு பத்து மடங்கு லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். தோலில் வெடிப்பு இருந்தால் அங்கே நன்றாக உற்றுப் பாருங்கள். முதலில் எழுதி, பிறகு தோல் வெடித்திருந்தால் கோடும் சேர்ந்து அறுந்திருக்கும். வெடித்த தோலில் எழுதியிருந்தால் மை பிளவுக்குள் இறங்கி, பக்கவாட்டில் கசிந்திருக்கும். ஐம்பது வருஷ வெடிப்புக்குள் மை ஓடியிருந்தால் கையெழுத்துக்கு வயது குறைவு.

அதே லென்ஸில் எழுதிய வேகத்தையும் பாருங்கள். ஆயிரக்கணக்கில் எழுதிப் பழகிய கை யோசிக்காமல் ஓடும். கோட்டின் நுனி மெலிந்து முடியும். பார்த்து வரைகிறவன் நடுவில் பேனாவை எடுப்பான், வளைவில் தயங்குவான், அழுத்தம் எங்கும் ஒரே மாதிரி இருக்கும்.

கேள்வி: நியூயார்க் யாங்கீஸ் அணி வீரர்கள் சேர்ந்து கையெழுத்திட்ட பந்து. இருபது பெயர், எல்லாம் ஒரே கை மாதிரி தெரிகிறது.

இரண்டு வாய்ப்பு. புள்ளி புள்ளியாக, அழுத்தமே இல்லாமல் இருந்தால் அச்சடித்த நினைவுப் பொருள். நிஜ மை என்றால், அணியின் உடைமாற்றும் அறையில் வேலை செய்தவர்களே நட்சத்திர வீரர்களுக்காகப் போட்டதாக இருக்கலாம். அது அக்காலத்தில் சகஜம். அணிப் பந்தில் யார் யார் சேர்ந்து இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அணி வீரர்களாக ஜோ டிமாஜியோவும் மிக்கி மேன்டிலும் சேர்ந்து ஆடியது 1951இல் மட்டும்தான்.

கேள்வி: விற்பவர் சர்டிபிகேட் தருகிறார். போதுமா?

கொடுத்தது யார் என்பதைப் பொறுத்தது. விற்பவரே அடித்த காகிதத்துக்கு மதிப்பில்லை. கையெழுத்தைச் சரிபார்க்கும் நிறுவனங்களில் பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ. போன்றவை ஏலக்காரர்கள் ஏற்பவை. ஆனாலும் அவை தருவது நிபுணர் கருத்துதான். இரண்டு லீக்கும் சேர்ந்த மேஜர் லீக் அமைப்பின் ஹாலோகிராம் ஸ்டிக்கர் திட்டம், கையெழுத்துப் போடும்போதே ஆள் முன்னிலையில் சரிபார்ப்பது, ஆனால் 2001இல்தான் தொடங்கியது. ரூத்துக்கு அது கிடையாது.

கேள்வி: பழைய வீரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சன் கையெழுத்திட்ட பந்து மலிவாக வருகிறது, வாங்கட்டுமா?

வேண்டாம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவர் பெயரைப் பெரும்பாலும் மனைவிதான் எழுதுவார். நிஜக் கையெழுத்து மிக அபூர்வம், மலிவாக வராது.

கேள்வி: மங்கிய கையெழுத்தின் மேல் லேசாகப் பேனா ஓட்டலாமா?

கூடவே கூடாது. அசலாக இருந்தாலும் மதிப்புப் போய்விடும். வெயில் படாத இடத்தில், மூடிய பெட்டியில் வையுங்கள்.