போன் வீட்டு அத்தை

அன்புள்ள ஐயா,

நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். மூன்று மாதம் முன்பு என் கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் சனி, ஞாயிறுக்குத் தரங்கம்பாடி போனார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவர்களில் ஒருவனுடைய மாமா தஞ்சாவூரிலிருந்து கூப்பிட்டு, அவன் அப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார், அவன் போனை எடுக்கவில்லை, நீ சொல்லிவிடு என்றார். நானும் இரண்டு முறை அடித்துப் பார்த்தேன். எடுக்கவில்லை. தாமதிக்கக் கூடாதே என்று “டேய், அப்பா தவறிட்டார்டா. உடனே கிளம்பு. சாரி” என்று வாட்ஸப்பில் அனுப்பினேன், கூடவே கைகூப்பும் பொம்மையும். கடலிலிருந்து ஏறி வந்தவன் அதைப் படித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் ஈர டிரவுசரோடு பஸ் ஏறிப் போய்விட்டான். மற்ற மூவரும் அவனைக் கடல் இழுத்துவிட்டது என்று நினைத்து ஒரு மணி நேரம் கரையில் அலைந்திருக்கிறார்கள். காரியத்துக்குப் போனபோதும் அவன் எனக்கு முகம் கொடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பியது அவ்வளவு பெரிய தப்பா? வாய்ஸ் மெசேஜாக அனுப்பியிருக்க வேண்டுமா? அந்தப் பொம்மை போட்டதுதான் புண்படுத்திவிட்டதா? அப்புறம், நீங்கள் ஏன் இப்போது சிறுகதை எழுதுவதில்லை?

கா., ஓசூர்

அன்புள்ள கா.,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுவோம். பொம்மையையும் விட்டுவிடுவோம், அது ஒன்றும் பண்ணவில்லை. வாய்ஸ் மெசேஜ் இன்னும் மோசம். நீங்கள் தொண்டையைச் செருமுவதையெல்லாம் அவன் கேட்டு முடித்த பிறகுதான் விஷயத்துக்கே வர வேண்டும்.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்டது அந்த ஒரு மணி நேரத்தில். 2004 டிசம்பரில் எத்தனையோ பேரை வாரிக்கொடுத்த கரை அது. அந்தக் கரையில், இருட்டும் நேரத்தில், மூன்று பையன்கள் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்களிடம் ஓடி “எங்க ஆள் ஒருத்தனைப் பாத்தீங்களா” என்று கேட்டால் அவர்களுக்கு என்னவெல்லாம் ஞாபகம் வந்திருக்கும்? அந்த மூன்று பேருக்கும் அவன் அப்பா இறந்தது தெரியாது. அவனுக்கு மட்டும் தெரியும். அதுதான் நீங்கள் செய்த தப்பு. மெசேஜா, அழைப்பா என்பதெல்லாம் இல்லை. பக்கத்தில் மூன்று பேர் இருக்கும்போது நேராக அவனிடம் சொன்னீர்கள் பாருங்கள், அது.

அவர்களும் தண்ணீரில்தானே இருந்தார்கள், எடுத்திருக்க மாட்டார்களே என்பீர்கள். அரை மணி பொறுத்திருக்கலாம். தங்கியிருந்த இடத்தின் நம்பரைத் தேடி ஒரு ஆளைக் கடற்கரைக்கு அனுப்பச் சொல்லியிருக்கலாம். தாமதிக்கக் கூடாது என்று எழுதுகிறீர்கள், யாருக்கு ஐயா அவசரம்? இறந்தவர் எங்கும் போகப்போவதில்லை. அந்தச் செய்தி உங்கள் கையில் இருந்தவரை சுட்டது, மாமா உங்கள் கையில் போட்டார், நீங்கள் அவன் கையில் போட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டீர்கள். கோபப்படாதீர்கள், உங்கள் வயதில் நானும் இதைத்தான் செய்திருப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், செய்தி தாமதமாக வருவதற்கென்றே இருந்த ஊர் தரங்கம்பாடி. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறியவர், 1706 ஜூலையில்தான் அந்த மண்ணில் கால் வைத்தார். கடிதமும் அப்படித்தான் வரவேண்டும். 1719இல் அவர் அங்கேயே இறந்தபோது, அவர் உயிரோடிருப்பதாக எண்ணி யாரோ எழுதிய கடிதம் ஒன்று நடுக்கடலில் வந்துகொண்டிருந்திருக்கும். சரி, அவ்வளவு தாமதம் வேண்டாம்.

பி.பி. நம்பர் என்றால் உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. எங்கள் வீட்டில் போன் கிடையாது. அப்பாவின் லெட்டர் பேடில் ஒரு நம்பரும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பி.பி. என்றும் அச்சடித்திருக்கும். அது இரண்டு வீடு தள்ளி, அரிசிக்கடைக்காரர் வீட்டு நம்பர். தென்காசியில் எங்கள் தெருவில் ஆறேழு குடும்பத்துக்கு அந்த ஒரு போன்தான். அந்த வீட்டு அம்மாவை நாங்கள் போன் வீட்டு அத்தை என்போம். யாருக்காவது அழைப்பு வந்தால், “வச்சிட்டுப் பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று குரல் கொடுப்பார். சலித்துக்கொள்ளவும் செய்வார். போனுக்கு மேல் குரோஷா பின்னல் உறை, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் ரோஜா.

1991 கோடையில், அம்மாவின் தம்பி பம்பாயில் இறந்துபோனார். தாராவியில் கடை வைத்திருந்தவர், முப்பத்திரண்டு வயது. காலை பத்தரைக்கு அத்தை வீட்டுக்குப் போன் வந்திருக்கிறது. அத்தை வாசலுக்கு வந்து குரல் கொடுக்கவில்லை. மகனை சைக்கிளில் அப்பா கணக்கெழுதிக்கொண்டிருந்த மில்லுக்கு அனுப்பினார். எதிர்வீட்டு ஆச்சியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். பிறகு அப்பாவின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்வரை காத்திருந்து, பன்னிரண்டரைக்கு எங்கள் வீட்டுக்குள் வந்தார். நான் பத்தாம் வகுப்பு முடித்த லீவில் இருந்தேன். அத்தை முதலில் செய்த காரியம், பம்ப் ஸ்டவ்வின் காற்றுத் திருகைத் திறந்து விட்டதுதான். புஸ்ஸென்று சத்தம். அம்மா, “ஏன் மதினி, குழம்பு கொதிக்கலையே” என்றாள். அத்தை அவள் கையைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்தார். தம்பிக்கு உடம்பு ரொம்ப முடியவில்லையாம் என்று ஆரம்பித்தார். பாதியிலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் பின்னால் சாய்ந்தபோது ஆச்சியின் மடி அங்கே இருந்தது.

பல வருடம் கழித்து அத்தை என்னிடம் சொன்னார்: “அந்த ரெண்டு மணி நேரமும் எங்க மச்சு ஜன்னல்ல நின்னு உங்கம்மாவைத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். மொட்டை மாடியில வடகம் போட்டுக்கிட்டிருந்தா. போட்டு முடிக்கட்டும்னு இருந்தேன்.”

அவர் அன்றைக்கு வீட்டில் சமைக்கவில்லை. அரிசிக்கடைக்காரர் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு ஒரு வாரம் அதைச் சொல்லிக் காண்பித்தார்.

உடனே எனக்குக் கடிதம் வரும், பழசைத் தூக்கிப் பிடிக்கிறாய், இழவு சொல்லப் போகிற வேலையைச் சாதியின் பேரால் யார் தலையில் கட்டியிருந்தோம் என்று தெரியாதா என்று. தெரியும். மாட்டோம் என்றவர்களை ஊர் என்ன செய்தது என்பதும் தெரியும். அது ஒழிய வேண்டியதுதான், நான் சொல்வது அதை இல்லை. தந்தியையும் சொல்லவில்லை, 2013இல் அதை நிறுத்தியபோது நான் வருத்தப்படவும் இல்லை, ‘சீரியஸ், உடனே புறப்படு’ என்று அடித்தால் செத்தாயிற்று என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் சொல்வது அந்த இரண்டு மணி நேரத்தை. போன் ஒருவர் வீட்டில், துக்கம் இன்னொருவர் வீட்டில் என்று இருந்ததால், நடுவில் ஒரு மனுஷி அதை மடியில் கட்டிக்கொண்டு ஜன்னலில் நிற்க வேண்டியிருந்தது. இப்போது ஆளுக்கொரு போன், அவனவன் துக்கம் அவனவன் கைக்கே நேராக வந்துவிடுகிறது.

அத்தை நான்கு வருடம் முன்பு இறந்தார். எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் படம் போட்டிருந்தார்கள். நான் ஒரு டிபன் கடையில் தோசை தின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் பதினான்கு பேர் கைகூப்பியிருந்தார்கள். நான் பதினைந்தாவது. ஊருக்குப் போகவில்லை. அதனால் உங்களை ரொம்பத் திட்ட எனக்கு வாயில்லை.

உங்கள் நண்பனுக்கு விளக்கக் கடிதம் எதுவும் எழுதாதீர்கள். எனக்கு எழுதியதே அரைப் பக்கத்துக்கு உங்கள் நியாயமாக இருந்தது. அந்த மூன்று பேரில் ஒருவனைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போங்கள், எப்படியும் ஒரு ராத்திரிப் பயணம்தான். வருகிறேன் என்று முன்கூட்டி மெசேஜ் போடாதீர்கள். அவன் அம்மாதான் கதவைத் திறப்பார். முதலில் அவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள்.