பதில்: கரிசலாங்கண்ணி எண்ணெய் பத்தே நாளில் கெட்டுப்போகிறது

அண்ணாச்சி, அரை லிட்டர் தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணிச் சாறு விட்டுக் காய்ச்சியது பத்தே நாளில் சிக்கு வாடை அடித்து, மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது என்கிறீர்கள். குளிரில் உறைந்திருக்குமோ என்று முதலில் நினைத்தேன். வாடையும் சேர்ந்து வந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், கொட்டிவிடுங்கள்.

'பச்சை நிறம் வந்ததும் இறக்கினேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் கோளாறு. சாற்றில் இருந்த தண்ணீர் வற்றவில்லை. தாமிரபரணிப் பாசன வயல் வரப்பில் பறித்த இலையென்றால் சாறு கேட்கவே வேண்டாம். நிறத்தைப் பார்க்காதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள். சிறு தீயில் சடசடப்பு அடங்க வேண்டும். அப்புறம் அடிக்கசடைக் கொஞ்சம் எடுத்து, ஆறவிட்டு விரலால் உருட்டுங்கள். சேறாக ஒட்டினால் ஈரம் இருக்கிறது. மெழுகாகத் திரண்டால் பதம். அந்த எண்ணெயில் திரியை நனைத்துக் கொளுத்தினால் வெடிக்காமல் எரிய வேண்டும். எங்கள் ஆச்சி திரி கொளுத்தாமல் சட்டியை இறக்கவே மாட்டாள்.

நன்றாக ஆறியபின் வடிகட்டி, வெயிலில் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள். ஈரக்கை படக்கூடாது.

நரை கறுக்கும் என்று மட்டும் நம்பி இறங்காதீர்கள். என் தலையே சாட்சி.