பியானோவில் கார்டு (chord, சில சுவரங்களைச் சேர்த்து அமுக்குவது) மாற்றும்போது கை தடுமாறுகிறது. எப்படிப் பயிற்சி செய்வது?

கேள்வி: சி, எஃப், ஜி, ஏ மைனர் கார்டுகளைத் தனித்தனியாக வாசிக்க வருகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கை தாவுகிறது, கேட்கவும் வெட்டி வெட்டி இருக்கிறது. ஹார்மனியைத் தினமும் எப்படிப் பழகுவது?

நீங்கள் நிற்கும் இடத்தில் நான் இரண்டு வருடம் நின்றிருக்கிறேன். 31 வயதில் ஒரு கீபோர்டு வாங்கி, சுவரில் கார்டு படம் ஒட்டிவைத்து, ஒவ்வொரு கார்டையும் ஒரு கை வடிவமாக மனப்பாடம் செய்தேன். சி என்றால் இந்த வடிவம், எஃப் என்றால் அதையே தூக்கிக்கொண்டு போய் மூன்று வெள்ளைக் கட்டை தள்ளி வைப்பது. தவளை மாதிரி. படத்தில் அப்படித்தானே இருந்தது!

என்னைத் திருத்தியது எங்கள் அத்தை. பியானோவைத் தொட்டதுகூட இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கோயில் (சர்ச்) பாடகர் குழுவில் பல வருடமாக ஆல்ட்டோ, அதாவது நடுக்குரல் பகுதி, பாடுகிறவர். ஒருநாள் சமையலறையில் அவர் பகுதியை மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒரே சுவரத்தில் நின்று, கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, மறுபடி அங்கேயே. இதையா இத்தனை வருடம் பாடுகிறீர்கள் என்று கேட்டேன். "எம்பாட்ட மட்டும் தனியாக் கேட்டா ஒனக்குத் தூக்கம் வந்துரும்ல. ஆனா நான் நிறுத்திட்டா நீயே திரும்பிப் பார்ப்ப" என்றார்.

அன்றைக்குத்தான் புரிந்தது. கார்டு என்று நான் அமுக்கிக்கொண்டிருந்தது ஒரு கட்டி இல்லை. மூன்று நான்கு பேர் சேர்ந்து பாடுவது. அடுத்த கார்டுக்குப் போவது என்றால் ஒவ்வொருவரும் தனக்குப் பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு நகர்கிறார்கள். நகரத் தேவையில்லாதவர் அங்கேயே நிற்கிறார்.

சரி, கைக்கு வருவோம். நான் சுவரப் பெயரில் சொல்கிறேன், காரணம் பிறகு. சி மேஜர் ஸ்கேலின் சுவரங்கள் நமக்குச் சங்கராபரணம் ராகம்தான். (பெயரை மட்டும் கடன் வாங்குகிறோம். கமகத்தை, அதாவது சுவரத்தை அசைத்துப் பாடுவதை, பியானோவில் தேடாதீர்கள், கிடைக்காது.) சி என்பது ஸ. இப்போது வலது கையில் இப்படி வாசியுங்கள்:

ஸ க ப – ஸ க த – ஸ ம த – நி ரி ப – ஸ க ப

அதாவது சி, ஏ மைனர், எஃப், ஜி, மறுபடி சி. முதல் மாற்றத்தில் ப மட்டும் த ஆகிறது. மற்ற இரண்டு விரலும் அசையவில்லை. இரண்டாவதில் க மட்டும் ம ஆகிறது. கை எங்கேயும் தாவவில்லை, பார்த்தீர்களா? விரல்கள் (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5): ஸ க ப, ஸ ம த இரண்டுக்கும் 1-3-5, ஸ க த, நி ரி ப இரண்டுக்கும் 1-2-5. இடது கையில் கீழே ஒற்றைச் சுவரமாக ஸ, த, ம, ப, ஸ.

இதில் சிக்கலான இடம் ஒன்றுதான்: எஃப்பிலிருந்து ஜி. இரண்டுக்கும் பொதுச் சுவரமே கிடையாது, எல்லோரும் நகர்ந்தாக வேண்டும். தவளை முறையில் ம த ஸ அப்படியே ப நி ரி என்று மேலே ஏறும், பேஸும் (இடது கையின் கீழ்ச் சுவரம்) கூடவே ஏறும். நான்கு பேர் பாடுவது மறைந்து ஒரே ஆள் தடித்த குரலில் பாடுவதுபோல் ஆகிவிடும். நீங்கள் சொன்ன 'வெட்டி வெட்டி' பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. மேலே உள்ள வரிசையில் பேஸ் ம-விலிருந்து ப-வுக்கு ஏறும்போது வலது கை முழுவதும் இறங்குகிறது. எதிரெதிர்த் திசை. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் நான் ஒரு வாரம் வாசித்தேன்.

அப்புறம் ஜி-யில் ரி-யை விட்டுவிட்டு நி ம ப என்று வாசித்துப் பாருங்கள், விரல் 1-4-5. இதுதான் ஜி செவன்த் (ஜி கார்டோடு ம சேர்ந்தது), ஒரு சுவரம் குறைவாக. நி-க்கும் ம-வுக்கும் இடையே சரியாக ஆறு அரைச்சுவரம் (கறுப்பும் சேர்த்து அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையிலான தூரம்), ஸ்தாயியில் பாதி. காது அங்கே நிற்க மறுக்கும். நி அரைச்சுவரம் ஏறி ஸ ஆகிறது, ம அரைச்சுவரம் இறங்கி க ஆகிறது, வீடு வந்து சேர்ந்த உணர்வு. மைனரிலும் இதே கதைதான். மைனர் ஸ்கேலுக்கு இணையான நடபைரவி ராகத்தின் நி, ஸ-வுக்கு ஒரு முழுச் சுவரம் கீழே இருப்பதால் இழுப்புப் போதாது. அதை அரைச்சுவரம் உயர்த்தினால் கீரவாணி ராகம். ஏ மைனர் பாட்டில் திடீரென்று ஜி ஷார்ப்போடு இ மேஜர் வருவது இதற்காகத்தான்.

தினமும் என்ன செய்வது என்று கேட்டீர்கள். எனக்குப் பதினைந்து நிமிடம் போதுமாக இருந்தது. மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60, ஒரு கார்டுக்கு நான்கு தட்டு. முதல் தட்டில் வாசித்துவிட்டு, மிச்ச மூன்றில் அடுத்தது எது நிற்கும், எது நகரும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். கை பழகியதும் கார்டின் நடுச் சுவரத்தை அமுக்கும் விரலை எடுத்துவிட்டு அந்தச் சுவரத்தை வாயால் பாடுங்கள்: க க ம ரி க. அத்தையின் பகுதி அதுதான். எனக்கு முதல் பத்து நாள் குரல் ப-வுக்கே ஓடியது. வீட்டில் இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆனால் இதைச் செய்த பிறகுதான் பாட்டு கேட்கும்போது கார்டு மாறும் இடம் தானாகக் காதில் விழ ஆரம்பித்தது. ஸ்கேலை வேகமாக ஓட்டுவது போன்றவை இதற்குப் பெரிதாக உதவவில்லை.

சுவரத்தில் சொன்ன காரணம் இது. ஸ-வை எஃப்பில் வைத்தாலும், பி ஃபிளாட்டில் வைத்தாலும் 'ஸ க த – ஸ ம த' மாறாது. வாரம் ஒரு ஸ்கேல், சி, எஃப், பி ஃபிளாட், இ ஃபிளாட் என்று நாலாம் சுவரமாக ஏறிப் போனால் 12 வாரத்தில் ஒரு சுற்று. கீபோர்டின் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். நான் அதை நம்பித்தான் ஒரு கல்யாணத்தில் வாசிக்கப் போனேன். முந்தைய பாட்டுக்கு இரண்டு ஏற்றி வைத்ததை இறக்க மறந்துவிட்டேன். பாடகர் ஒரு சுருதி, நான் ஒரு சுருதி, பெண்ணும் மாப்பிள்ளையும் அதற்கு நடுவில் நடந்து வந்தார்கள்.

இப்போது ஏ ஃபிளாட்டில் இருக்கிறேன். ஸ க ப, ஸ ம த இரண்டும் வந்துவிட்டன. நி ரி ப-வில் கட்டைவிரல் ஜி-யைத் தேடிப் பிடிப்பதற்குள் மெட்ரோனோம் இன்னும் ஒரு தட்டு முன்னால் போய்விடுகிறது.