"சொன்னதைச் செய்துவிட்டு வா" என்று மகளிடம் சொல்லலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

பயிற்சி இடத்தில் சொன்ன வேலையைச் செய்ய உங்கள் மகள் தயங்கியது சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிழை விட்டுவிட்டாளோ, பயிற்சி இடத்தில் கெட்ட பெயர் எடுத்துவிட்டாளோ, இந்தப் படிப்பே அவளுக்குச் சரிவராதோ என்று நீங்கள் நித்திரை இல்லாமல் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. "ஆறு மாதம்தானே, சொன்னதைச் செய்துவிட்டு வா" என்று அவளுடைய அப்பா சொல்வதும் பிள்ளைமேல் உள்ள அக்கறையில்தான். ஆனாலும் இந்த ஒரு விடயத்தில் அவர் சொல்வதை அவள் கேட்கக் கூடாது.

நான் விளங்கிக்கொண்டது இதுதான். கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் திருகோணமலைக் கிளையில் மகள் இறுதியாண்டுப் பயிற்சி செய்கிறாள். தவணை பிந்தியவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எண், பாக்கித்தொகை எல்லாவற்றையும் எடுத்து, கிழமைக்கு ஒருமுறை வசூலிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குத் தானாகவே போகும்படி ஒரு புரோகிராம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பரிசோதித்துப் பார்க்க முழுப் பட்டியலையும் தன்னுடைய லேப்டொப்பில் இறக்கவும் சொன்னார்கள். கணினிக் கணக்கில் இது சின்ன வேலை. அதனால்தான் அவள் ஏன் இவ்வளவு யோசிக்கிறாள் என்று வீட்டில் விளங்கவில்லை.

அந்தப் பட்டியலில் இருப்பது யார் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மூதூரிலோ கிண்ணியாவிலோ குச்சவெளியிலோ கோழி வளர்க்கவும் தையல் மெசின் வாங்கவும் சிறுகடன் எடுத்த பெண்கள். வாட்ஸ்அப் குழுவில் விழுந்த பட்டியல் அந்தக் குழுவோடு நிற்காது. யாரோ ஒருவர் தன் மச்சானுக்கு அனுப்புவார், அவர் ஊர்க்குழுவில் போடுவார். மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் அது என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெண் அடுத்த மாதம் முழுக் கடனையும் கட்டி முடித்தாலும், பழைய பட்டியல் எத்தனையோ தொலைபேசிகளில் கிடக்கும்.

பட்டியலே பிழையாக இருந்தால்? எங்கள் மாவட்டத்தில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் வந்த புதிய அட்டையில் 12 இலக்கம். இரண்டையும் சரியாகப் பொருத்தாத கணினியில் ஒரே ஆள் இரண்டு ஆளாக நிற்பார். ஒரு கணக்கில் கட்டிய காசு மற்றக் கணக்கில் பாக்கியாகத் தெரியும். அதற்குமேல் பெயர்ப் பிரச்சினை. முகம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயர் முன்னால் வரும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் போட்ட படிவத்தில் அதை ஒவ்வொரு எழுதுவினைஞரும் ஒவ்வொரு விதமாக நிரப்புவார். கட்டாதவருக்குப் பதிலாக ஒழுங்காகக் கட்டியவரின் பெயர் குழுவில் போய்விட்டால், அதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

'கம்பியூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரித்தானியாவில் நடந்ததை மகளின் அப்பாவுக்குச் சொல்லுங்கள். அங்கே தபால் நிறுவனம் 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு முறைமையைத் தன் கிளைகளில் பொருத்தியது. கணக்கில் காசு குறைகிறது என்று கணினி காட்டியது. உப தபாலதிபர்கள் "நாங்கள் எடுக்கவில்லை" என்று கெஞ்சினார்கள். கணினிமேல் யாரும் சந்தேகப்படவில்லை, ஆட்கள்மேல்தான் பட்டார்கள். 2015 வரையான காலத்தில் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, கள்ளக்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு சிறைக்குப் போன பெண்ணும் அவர்களில் ஒருவர். பலர் வீடு வாசலை விற்றுக் கட்டினார்கள், சிலர் உயிரை விட்டார்கள். ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் அங்கத்தைய மேல் நீதிமன்றம் (ஹை கோர்ட்) தீர்ப்பளித்தது. 2024-இல் தனிச்சட்டம் கொண்டுவந்து தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்கினார்கள். முறைமையில் பிழை இருப்பது அதைக் கட்டிப் பராமரித்த தொழில்நுட்ப ஆட்கள் சிலருக்கு முன்னமே தெரியும் என்பதுதான் என்னை மிகவும் வருத்துவது. தெரிந்தும், அது நீதிமன்றத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை.

சரி, "மேலே இருப்பவர் சொன்னார், பிள்ளை செய்தாள், பொறுப்பு அவருடையதுதானே" என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்வி. வொக்ஸ்வாகன் கார் நிறுவனம் புகைப் பரிசோதனையில் மட்டும் நச்சுப் புகையைக் குறைத்து நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் சொஃப்ட்வெயாரை டீசல் கார்களில் வைத்திருந்தது 2015-இல் வெளியே வந்தது. அதில் வேலை செய்த ஒரு பொறியியலாளருக்கு அமெரிக்க நீதிமன்றம் 2017-இல் 40 மாதச் சிறைத்தண்டனை கொடுத்தது. அவர் முதலாளி அல்ல, சம்பளத்துக்கு வேலை செய்தவர். எங்கள் நாட்டிலும் 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது. ஒருவரின் தகவலை எந்த நோக்கத்துக்காக வாங்கினார்களோ அதற்கு மட்டும், தேவையான அளவு மட்டும், பத்திரமாக வைத்துப் பயன்படுத்த வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. அதன் எல்லாப் பகுதிகளும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை என்பது உண்மை. அதற்காக அதற்கு முரணான ஒன்றைக் கட்டிக்கொடுத்துவிட்டு வரும் வழக்கம் ஒரு பிள்ளைக்குத் தொழிலின் முதல் வருடத்திலேயே வேண்டாம்.

இனி அவள் என்ன செய்வது? சண்டை பிடிக்கக் கூடாது. முகநூலில் எழுதவே கூடாது. ஆதாரம் என்று சொல்லிப் பட்டியலைத் தன் தொலைபேசியில் படம் எடுத்து வைப்பதும் கூடாது, அப்படி எடுத்தால் தரவைக் கசியவிட்டவள் அவளாகிவிடுவாள். மெனேஜர் தன் பாஸ்வேர்டைத் தந்து "இதால போய்ச் செய்" என்று சொன்னால் பணிவாக மறுத்து, தன் பெயரில் ஒரு கணக்கு கேட்க வேண்டும். பயிற்சிப் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்தப் பாஸ்வேர்ட் விடயத்தில்தான்.

முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிற பிள்ளையை எந்தக் கந்தோரிலும் பிடிக்காது. மாற்று வழியோடு போகிறவளின் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். வசூலிப்பவர் ஒவ்வொருவரும் தன் பெயரில் உள்நுழைந்து தன் பகுதி ஆட்களை மட்டும் பார்க்கும்படி ஒரு சின்னப் பக்கம் செய்யலாம். அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிந்தால் போதும். யார் எப்போது பார்த்தார்கள் என்பது பதிவாக வேண்டும். பரிசோதனைக்கு உண்மையான ஆட்களே தேவையில்லை, கற்பனைப் பெயர்களில் நூறு பேரை உருவாக்கிக்கொள்ளலாம். இதற்கு இரண்டு கிழமை கூடுதலாகப் போகலாம். ஆனால் நிறுவனத்தின் தேவை நிறைவேறும், அந்தப் பெண்களின் மானமும் தப்பும்.

அதைப் பேசிய அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். "சேர், இன்று நீங்கள் சொன்ன வேலையை நான் இப்படி விளங்கிக்கொண்டேன். வாடிக்கையாளர் விபரம் வெளியே போகாமலிருக்க இந்த வழியில் செய்யலாம் என்று நினைக்கிறேன். உங்கள் அனுமதி கிடைத்தால் தொடங்குகிறேன்." இவ்வளவு போதும். குற்றம் சாட்டும் ஒரு சொல்லும் அதில் வேண்டாம். பல நேரங்களில் அந்த மெனேஜருக்கே இதன் பாரதூரம் தெரிந்திருக்காது. மேலிடத்தில் இலக்குக் கொடுத்து நெருக்கியிருப்பார்கள், கைக்கு எட்டியது வாட்ஸ்அப். எழுத்தில் ஒரு கேள்வி வரும்போது அவரும் நின்று யோசிப்பார். அதற்குப் பிறகும் பழைய வழியில்தான் செய்ய வேண்டும் என்று நின்றால், அந்த ஒரு வேலையிலிருந்து தன்னை விடுவிக்கச் சொல்லிவிட்டு, கம்பஸில் பயிற்சிக்குப் பொறுப்பான விரிவுரையாளரிடம் போக வேண்டும். இடம் மாறவேண்டி வந்தால் மாறட்டும். இழப்பு இருக்காது என்று உங்களுக்கு நான் பொய் சொல்லமாட்டேன். ஒன்றிரண்டு மாதம் பின்னுக்குப் போகலாம்.

நீங்கள் கேட்ட இன்னொன்று: மனிதர்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்குக் கணினித்துறையில் என்ன இடம்? நிறைய இடம். லண்டன் அம்புலன்ஸ் சேவை 1992 ஒக்டோபர் 26-ஆம் திகதி புதிய கணினி முறைமைக்கு மாறியது. அம்புலன்ஸ் ஓடுகிறவர்களிடமும் அழைப்பை எடுக்கிறவர்களிடமும் சரியாகக் கேட்காமல், போதிய பயிற்சியும் கொடுக்காமல், அவசரத்தில் கட்டியது. அழைப்புகள் குவிந்தன, ஒரே இடத்துக்கு இரண்டு வண்டி போனது, சில நாட்களில் திரும்பவும் கடதாசிக்கே வந்தார்கள். ஆட்களிடம் உட்கார்ந்து கேட்டு, அவர்களுடைய வேலையை விளங்கிக்கொண்டு எழுதுகிற ஆளுக்கு பிஸ்னஸ் அனலிஸ்ட் என்று பெயர், நல்ல சம்பளமும் உண்டு. முறைமைத் தணிக்கையாளர், தரத்தைச் சோதிப்பவர், தரவுப் பாதுகாப்பு அதிகாரி எல்லாம் இதே குணம் தேவைப்படுகிற வேலைகள். பிரித்தானியக் கணினிச் சங்கத்தின் (பிசிஎஸ்) டிப்ளோமாவில் தொழில்சார் பொறுப்புகள் பற்றிய பாடத்தை ஒரு முக்கியப் பாடமாகவே வைத்திருந்தார்கள்.

திருகோணமலைப் பிள்ளைக்கு இதில் ஒரு பலம் இருக்கிறது என்பதை நான் மனதார நம்புகிறேன். மூன்று சமூகமும் ஒரே வரிசையில் நிற்கும் பிரதேச செயலகத்தைப் பார்த்து வளர்ந்தவள். தமிழில் மொழிபெயர்க்காத படிவத்தோடு கிராம சேவகரைத் தேடித் திரிகிற அம்மம்மாவை அவளுக்குத் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிய இலங்கையர்கள் தொண்டாகச் சேர்ந்து சஹானா என்ற திறந்தமூல (யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய) முறைமையை எழுதினார்கள். அது பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. 2006-இல் சர்வதேச விருதும் கிடைத்தது. கடல் இழுத்துப்போன ஊர்களின் வலி தெரிந்தவர்கள் எழுதிய சொஃப்ட்வெயார் அது. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் கம்பஸுக்குப் போய்வருகிற பிள்ளைகளும் அப்படி எழுதலாம்.

மகளின் அப்பாவோடு இதைப் பேசும்போது "நீங்கள் சொன்னது பிழை" என்று தொடங்க வேண்டாம். அந்தப் பட்டியலில் எங்கள் வீட்டு ஆளின் பெயர் இருந்தால் என்ன நினைப்பீர்கள் என்று மட்டும் கேளுங்கள். மகளிடம் அந்த மின்னஞ்சலை இந்தக் கிழமைக்குள் அனுப்பச் சொல்லுங்கள். நடந்ததைத் திகதியோடு பயிற்சிப் பதிவேட்டில் சுருக்கமாக எழுதி வைக்கட்டும். வாடிக்கையாளர் பெயர் ஒன்றும் அதில் வரக்கூடாது. பதில் எப்படி வந்தாலும் அவளையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் வாருங்கள், அப்பாவும் வந்தால் நல்லது. அடுத்த நேர்முகத்தில் "பயிற்சியில் சந்தித்த கஷ்டமான முடிவு என்ன?" என்று கேட்டால் அவள் எப்படிச் சொல்வது என்பதை அன்றைக்கு உட்கார்ந்து பழகிப் பார்ப்போம்.